ஸ்பேசர் போடப் போகிறீர்களா? முதலில் போல்ட்டின் சுற்றை எண்ணுங்கள்

நான்கு சுற்று. அதுகூட முழுதாக இல்லை. கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரத்தில்) எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரால் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, மீதியை விரலாலேயே திருகி எண்ணிக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்காவது சுற்று முடிவதற்குள் போல்ட் அவர் கையோடு வந்துவிட்டது. முந்தின நாள் ராத்திரி அதே சக்கரத்தில்தான் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்துப் புதுச்சேரியிலிருந்து ஓட்டி வந்தேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. கிருமாம்பாக்கத்துக்கு அப்புறம் ரோடு காலியாகி வேகம் 80ஐத் தொட்டதும் ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம் வந்தது. வேகத்தைக் குறைத்தால் போகிறது, ஏற்றினால் திரும்ப வருகிறது. வீல் பேலன்சிங் சரியில்லை போல, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே ஆல்பேட்டைப் பாலத்தைக் கடந்து வந்துவிட்டேன்.

அந்த ராத்திரியை இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. ஸ்பேசர் என்பது சக்கரத்தை வெளியே தள்ளுவதற்காக, சக்கரத்துக்கும் அது மாட்டப்படும் ஹப்புக்கும் நடுவில் வைக்கிற வட்டத் தகடு. அதைப் போட ஆசைப்படுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். போடவே கூடாது என்று சொல்ல வரவில்லை, என் வண்டியில் இன்றைக்கும் ஸ்பேசர் இருக்கிறது.

எங்கள் வண்டி ஃபோக்ஸ்வேகன் போலோ. கம்பெனியிலிருந்து வந்தது 15 இஞ்ச் சக்கரம், அகலம் 6 இஞ்ச், ஆஃப்செட் 40 (அது என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்). போன வருடம் லாஸ்பேட்டையில் ஒருவர் வண்டியை விற்கும்போது தனியாகக் கழற்றி வைத்திருந்த 16 இஞ்ச் அலாய் நான்கும் நல்ல விலைக்குக் கிடைத்தன. அகலம் 7 இஞ்ச், ஆஃப்செட் 45. போல்ட் துளைகள் அமைந்த வட்டம் போலோவுக்குப் பொருந்துகிற அதே ஐந்து துளை, 100 எம்எம். 195/50 டயர் போட்டால் மொத்த உயரம் பழைய 185/60 டயரோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று மாட்டினால், முன் டயரின் உள்பக்கத் தோள் ஸ்ட்ரட்டை (சஸ்பென்ஷன் தூணை) உரசாத குறை. சுண்டுவிரல் நுழையவில்லை. ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பார்த்தபோது ஸ்ட்ரட்டில் ஒரு இடம் கறுப்பாக, பளபளவென்று தேய்ந்திருந்தது.

ஏன் இப்படி ஆனது என்பதை ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டால் புரிந்துவிடும். ஆஃப்செட் என்பது சக்கர அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் ஒட்டுகிற முகம் எத்தனை எம்எம் வெளிப்பக்கமாகத் தள்ளி இருக்கிறது என்பது. அந்த எண் கூடக்கூடச் சக்கரம் வண்டிக்குள்ளே போகும். 6 இஞ்சிலிருந்து 7 இஞ்சுக்கு அகலம் போனால் பக்கத்துக்கு அரை இஞ்ச், அதாவது 12.7 எம்எம் கூடுகிறது. ஆஃப்செட் 40லிருந்து 45க்குப் போனதால் இன்னும் 5 எம்எம் உள்ளே. ஆக உள்பக்கம் 17.7 எம்எம் நெருங்கிவிட்டது, வெளிப்பக்கம் 7.7 எம்எம்தான் தள்ளியது. இந்தக் கணக்கை அலாய் வாங்கும் முன்பே போட்டிருக்க வேண்டும். துளை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குகிற பழக்கம் நம்மிடம் அதிகம்.

இதைச் சரிசெய்யத்தான் ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்கள், 5 எம்எம் கனத்தில் வட்டத் தகடு, நான்கு சக்கரத்துக்கும். எல்லா வண்டிக்கும் பொருந்துமாம். பொருந்துவதற்காக அதில் துளைகளை நீளநீளமாக வெட்டியிருந்தார்கள், நடு ஓட்டையும் பெரிது. பழைய போல்ட்டையே போட்டு, காற்றுத் துப்பாக்கியால் டர்ர்ரென்று இறுக்கி அனுப்பிவிட்டார்கள்.

அந்தத் தகட்டால் மூன்று கோளாறு. ஓ.டி.யில் அண்ணன் அதைத் தரையில் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக விளக்கினார்.

போலோவில் ஹப்பிலேயே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட், அதன்மேல் திருகும் நட் கிடையாது, ஹப்புக்குள் நேராகத் திருகும் போல்ட்தான். 14 எம்எம் கனம், புரிக்குப் புரி 1.5 எம்எம். அதாவது ஒரு சுற்றுக்கு 1.5 எம்எம் உள்ளே போகும். போல்ட்டின் கனம் எவ்வளவோ குறைந்தது அவ்வளவு நீளம் புரி பிடித்திருக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. 14 எம்எம் என்றால் 9 சுற்றுக்கு மேல். பழைய சக்கரத்தை மாட்டி எண்ணிப் பார்த்தபோது சரியாக 10 சுற்று ஏறியது. அலாயில் போல்ட் உட்காரும் இடம் இன்னும் தடிப்பு, அதில் 3 சுற்று போய்விட்டது. 5 எம்எம் ஸ்பேசரில் இன்னொரு மூன்று சொச்சம். மீதி என்ன இருக்கும்? அந்த நான்கு சுற்றுதான். வெளியிலிருந்து பார்த்தால் போல்ட் தலை கச்சிதமாக உட்கார்ந்திருக்கும், ஸ்பேனர் போட்டால் இறுக்கமாகத்தான் இருக்கும். எத்தனை புரியில் நிற்கிறது என்று வெளியே தெரியவே தெரியாது. இதுதான் பயம்.

இரண்டாவது, போல்ட் உட்காரும் வடிவம். கம்பெனிச் சக்கரத்துக்கு வரும் போல்ட்டின் தோள் பந்து மாதிரி உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்கும் அலாய்களில் பெரும்பாலும் புனல் மாதிரிச் சரிவாக, 60 டிகிரி கோணத்தில் இருக்கும். உருண்டையைப் புனலில் உட்காரவைத்தால் முழுதாக ஒட்டாது, மெல்லிய ஒரு வளையம் மட்டும்தான் தொடும். கழற்றிய என் போல்ட்களில் அந்த வளையம் நகத்தால் கீறின மாதிரிப் பளிச்சென்று தெரிந்தது. மற்ற இடமெல்லாம் துளிகூட தேயவில்லை.

மூன்றாவதுதான் நடுக்கத்துக்குக் காரணம். ஹப்பின் நடுவில் ஒரு வட்ட உதடு நீட்டிக்கொண்டிருக்கும், போலோவில் அதன் விட்டம் 57.1 எம்எம். சக்கரத்தின் நடு ஓட்டை அதில் கச்சிதமாக உட்கார்ந்தால்தான் சக்கரம் நடுவில் நிற்கும். இந்தத் தகடு அந்த உதட்டில் பாதியை விழுங்கிவிட்டது. தகட்டுக்கும் தனியாக உதடு கிடையாது. அதோடு வெளி அலாய்களின் நடு ஓட்டை 73.1 எம்எம் மாதிரி பெரிதாக இருக்கும், இடையில் ஒரு வளையம் போட்டுத்தான் அந்த இடைவெளியை அடைப்பார்கள். எனக்குக் கிடைத்த அலாய்களில் அந்த வளையமே இல்லை. ஆக, சக்கரம் போல்ட்களின் தயவில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

சக்கரத்தைப் போல்ட் தாங்குகிறது என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் போல்ட் தாங்குவதில்லை, அழுத்துகிறது. இறுக்கும்போது போல்ட் மிகச் சன்னமாக ஸ்பிரிங் மாதிரி நீள்கிறது, அந்த இழுவிசை சக்கரத்தின் முகத்தை ஹப்பின் முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. இரண்டு முகத்துக்கும் இடையில் உள்ள உராய்வுதான் வண்டியின் பாரத்தையும் பிரேக்கின் இழுப்பையும் தாங்குகிறது. அதனால்தான் முகங்களுக்கு இடையில் பெயின்ட், துருப்பொடி, மண் எதுவும் இருக்கக் கூடாது. அது ஓட்டத்தில் நசுங்கி உதிர்ந்தால், உதிர்ந்த அளவுக்கு அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் சக்கரம் நகரும், நகர்ந்தால் போல்ட் தானாகக் கழல ஆரம்பிக்கும். ஸ்பேசர் போட்டால் ஒட்டும் முகம் ஒன்றுக்கு இரண்டாகிறது, அதனால் சுத்தம் செய்யும் வேலையும் இரட்டிப்பு.

சரி, அப்புறம் என்ன செய்தோம்?

எத்தனை எம்எம் வேண்டும் என்பதை ஆசையை வைத்து முடிவு செய்யவில்லை, அளந்தோம். ஸ்ட்ரட் பக்கம் விரல் நுழைய இடம் வேண்டும், வெளிப்பக்கம் டயர் மட்கார்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. 8 எம்எம் இருந்தால் போதும்தான். ஆனால் அந்தக் கனத்தில் தனி உதட்டோடு ஸ்பேசர் கிடைப்பது கஷ்டம், 10 எம்எம்மில் ஒழுங்காகக் கிடைக்கிறது. 10 போட்டால் ஆஃப்செட் 45 என்பது 35 மாதிரி ஆகிவிடும். முன்பு உள்ளே 17.7, வெளியே 7.7 என்று இருந்தது அப்படியே புரண்டு உள்ளே 7.7, வெளியே 17.7 ஆனது. வெளிப்பக்கம் அவ்வளவு தாங்குமா என்று தெரிந்துகொள்ள ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தோம். பின்னாடி மூன்று பேரை ஏற்றி, பட்டறைக்கு எதிரே இருந்த வேகத்தடையில் ஏறி இறங்கினோம். உரசவில்லை.

தட்டாஞ்சாவடியில் தெரிந்த லேத் பட்டறை ஒன்று இருக்கிறது, அங்கேயே கடைந்துவிடலாமா என்று கேட்டேன். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "அவன் கடைஞ்சா மயிரிழை கோணாது தம்பி, அவன் கைமேல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா அவன்கிட்ட இருக்கிற அலுமினியம் எந்த ரகம்னு அவனுக்கே தெரியாது" என்றார். அது நியாயம். 6061-டி6 மாதிரி ரகம் குறிப்பிட்டு விற்கும் ஸ்பேசரையே வாங்கினோம், உள்ளேயும் வெளியேயும் 57.1 உதடு, துளைகள் ஐந்தே ஐந்து. கூடவே 57.1க்கும் 73.1க்கும் நடுவில் போடும் வளையம் நான்கு.

போல்ட்டுக்குத்தான் இரண்டு முறை அலைந்தேன். புனல் தோள் வைத்த 14 எம்எம் போல்ட், முதலில் 45 எம்எம் நீளத்தில் கொடுத்தார்கள். நீளம் கூட இருந்தால் நல்லதுதானே என்று வாங்கி வந்துவிட்டேன். முன்பக்கம் பிரச்சினை இல்லை. பின்பக்கம் டிரம் பிரேக். போல்ட் முனை ஹப்பைத் தாண்டி டிரம்முக்குள் நீண்டால் உள்ளே இருக்கும் பிரேக் சாமான்களில் இடிக்கும். ஐந்து போல்ட்டையும் ஏற்றிவிட்டு, வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே, ஹேண்ட்பிரேக்கை இறக்கிச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினார் அண்ணன். "டிக்... டிக்..." என்று கடிகாரம் மாதிரி ஒரு சின்னச் சத்தம். அதைக் கவனிக்காமல் ஓட்டியிருந்தால் பிரேக்கே கெட்டிருக்கும். திரும்ப ஓடிப்போய் 42 எம்எம் வாங்கி வந்தேன். அதை ஏற்றினால் சரியாக 10 சுற்று, பழைய சக்கரத்தில் இருந்த அதே கணக்கு. சுற்றிப் பார்த்தோம், சத்தம் இல்லை. இங்கேதான் விஷயம் இருக்கிறது. குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. ஒரிஜினல் சக்கரத்தில் எத்தனை சுற்றோ அதே எண் வந்தால் நிம்மதி.

மாட்டுவதற்கு ஒரு மணி நேரம் ஆனது என்றால் ஹப்பைச் சுத்தம் செய்ய மூன்று மணி நேரம் ஆனது. நம் ஊர் உப்புக்காற்று அப்படி. வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம், வண்டி திறந்தவெளியில்தான் நிற்கிறது. சக்கரத்தைக் கழற்றியபோது ஹப் முகத்தில் துரு தோல் தோலாக எழும்பியிருந்தது. வைர் பிரஷ்ஷால் தேய்த்து, எமரி பேப்பர் போட்டு, உதட்டின் அடியில் அந்த மூலை இருக்கிறதே, அங்கே மட்டும் பழைய ஸ்க்ரூ டிரைவர் முனையில் துணி சுற்றிச் சுரண்டி எடுத்தோம். ஸ்பேசர் உட்காராமல் போவது பெரும்பாலும் அந்த மூலையில் உள்ள துருவால்தான். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கும், அதன் தலை முகத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது, அதையும் தடவிப் பார்க்க வேண்டும். அப்புறம் ஸ்பேசரை வெறுமனே வைத்து நான்கு மூலையிலும் கட்டைவிரலால் மாற்றி மாற்றி அழுத்தினார். ஒரு இடத்தில் துளி ஆட்டம் இருந்தது. எடுத்து மறுபடி எமரி போட்டார். மூன்றாம் தடவைதான் கல் மாதிரி உட்கார்ந்தது.

அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளை வெள்ளையாகப் பொடி பூக்கும், நாளாக ஆக ஸ்பேசர் ஹப்போடு பிடித்துக்கொள்ளும். அதற்காக உதட்டில் மட்டும், முகத்தில் படாமல், காப்பர் கிரீஸ் விரல் நுனியால் ஒரு பூச்சு. போல்ட் புரியில் எதையும் தடவவில்லை. புரியில் எண்ணெய்ப் பசை இருந்தால் அதே திருகு விசைக்குப் போல்ட் கணக்குக்கு மேல் இழுபட்டுவிடும்.

இறுக்கியது நட்சத்திர வரிசையில், ஒன்றுவிட்டு ஒன்று, முதலில் கையால், பிறகு லேசாக, வண்டியை இறக்கியபின், திருகு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் 120 நியூட்டன் மீட்டர். காற்றுத் துப்பாக்கியைப் பக்கத்திலேயே விடவில்லை. 80 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இரண்டு தடவை போய் வந்து திரும்பப் பார்த்தபோது முன் இடது சக்கரத்தில் மட்டும் ஒரு போல்ட் கொஞ்சம் திரும்பியது, மற்றதெல்லாம் அசையவில்லை. நடுக்கம் சுத்தமாகப் போய்விட்டது. 100இல் போனாலும் ஸ்டீயரிங் அமைதியாக இருக்கிறது.

வண்டி மாறாமல் இல்லை. முன்சக்கரம் வெளியே தள்ளியதால் குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்டீயரிங் முன்பைவிட இழுக்கிறது, அழுத்தி பிரேக் பிடித்தால் கையில் தெரிகிறது. வீல் பேரிங்குக்கும் கூடுதல் சுமைதான். பாரம் பேரிங்கிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறதோ அவ்வளவு நெம்பும். 10 எம்எம்முக்கே இப்படி என்றால், பார்வைக்காக 25, 30 என்று போடுகிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. அந்தத் தடிமனில் வருகிற ஸ்பேசர் வேறு வகை. முதலில் ஸ்பேசரைத் தனி போல்ட்டால் ஹப்பில் முடுக்கி, அதன்மேல் சக்கரத்தை மாட்டுவார்கள். உள்ளே இருக்கும் போல்ட் தளர்ந்தால் சக்கரத்தைக் கழற்றாமல் பார்க்கவே முடியாது.

ஸ்டெப்னி விஷயத்தை யாரும் சொல்வதில்லை. டிக்கியில் இருப்பது பழைய இரும்புச் சக்கரம். அதற்கு உருண்டைத் தோள் போல்ட்தான் பொருந்தும், நீள போல்ட்டை அதில் போட்டால் பின்பக்கம் டிரம்மில் இடிக்கும். ராத்திரி பஞ்சரானால் முதலில் ஸ்பேசரைக் கழற்ற வேண்டும், பிறகு பழைய போல்ட்டால் ஸ்டெப்னியை மாட்ட வேண்டும். அதற்காகப் பழைய போல்ட் ஐந்தைத் துணியில் சுற்றி ஜாக்கியோடு வைத்திருக்கிறேன். மனைவிக்கும் எது எதற்கு என்று ஒருமுறை மாட்டிக் காட்டினேன்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஸ்பேசர் ஆர்சியில் வருகிற விவரம் அல்ல. ஆனாலும் விபத்து என்று வந்தால் இன்சூரன்சில் கேள்வி எழலாம், அதனால் அலாயையும் ஸ்பேசரையும் சேர்த்து எழுத்தில் தெரிவித்துவிட்டேன்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் நான்கையும் கழற்றிப் பார்த்தோம். கிரீஸ் பூசிய இடம் சுத்தமாக இருந்தது. பின் வலது ஸ்பேசரின் ஓரத்தில் மட்டும் உப்பு மாதிரி வெள்ளைப் பொடி, தேய்த்ததும் போய்விட்டது. வருடத்துக்கு இரண்டு தடவை இப்படிக் கழற்றிச் சுத்தம் செய்வது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் மச்சான் போன் செய்தான், அவனுடைய ஸ்விஃப்ட்டுக்கும் 10 எம்எம் போட வேண்டுமாம். அதில் ஹப்பிலேயே ஸ்டட் நிற்கும், 12 எம்எம் கனம், புரி 1.25. நீள போல்ட் வாங்கி ஏற்றுகிற வழியே இல்லை, ஸ்பேசர் தின்கிற நீளத்துக்கு ஸ்டட்டையே மாற்ற வேண்டிவரும். நட்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று வருகிறது என்று முதலில் எண்ணிச் சொல்லுடா, மற்றதை அப்புறம் பேசலாம் என்றேன். இன்னும் எண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு ஓ.டி.க்கு வரச் சொல்லியிருக்கிறேன்.